கொட்டேஷன் தாளில் இல்லாத வரிகள்

1990களின் கடைசியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் வீட்டுக்கு ஒரு கணினி வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய செலவு. அந்தக் காலத்தில் இந்தியாவில் விற்ற கணினிகளில் ஏறக்குறைய பாதிக்குப் பெயர் கிடையாது. எச்சிஎல், விப்ரோ, காம்பாக் என்று எந்த முத்திரையும் இல்லாமல், கடைக்காரர் உதிரிகளை வாங்கிக் கோத்துக் கொடுத்த 'அசெம்பிள்டு சிஸ்டம்' அவை. தூத்துக்குடி போன்ற ஊர்களில் பெயருள்ள கணினியைத் துறைமுகமும் வங்கிகளும் ஸ்பிக் போன்ற ஆலைகளும் வாங்கின. வீடுகளும் டிடிபி கடைகளும் பிரவுசிங் சென்டர்களும் சிறிய கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களும் பெயரில்லாததைத் தேடின. இதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மலிவு. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. விலை குறைவாக இருந்ததோடு, அந்த விலை வரி வரியாகப் பிரித்து வாங்குகிறவர் கண்முன் வைக்கப்பட்டது. எதில் சிக்கனம், எதில் தாராளம் என்று முடிவு செய்யும் உரிமை முதல்முறை வாங்குகிறவர் கைக்கு வந்தது அப்படித்தான். அந்த வியாபாரம் எங்கே சறுக்கியது என்று பார்த்தாலும், விலை பிரித்துக் காட்டப்படாத இடங்களில்தான் சறுக்கியிருக்கிறது.

அந்தக் கொட்டேஷன் தாளைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்கலாம். கடையின் லெட்டர்பேடில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அடித்தது, அல்லது பால்பாயின்ட் பேனாவில் எழுதியது. முதல் வரி ப்ராசஸர்: செலரான் அல்லது பென்டியம், பக்கத்தில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்ற எண். இரண்டாவது வரி மதர்போர்டு: காசு குறைவென்றால் மெர்க்குரி, கொஞ்சம் இருந்தால் ஏசஸ், இன்னும் இருந்தால் 'இன்டெல் ஒரிஜினல்'. பிறகு 64 எம்பியோ 128 எம்பியோ ரேம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், சிடி டிரைவ், 15 இன்ச் மானிட்டர். கீபோர்டில் கூட இரண்டு கட்சி: எது கிடைத்தாலும் சரி என்பவர்கள் ஒரு பக்கம், நாளெல்லாம் தட்டச்சு செய்கிறவர்கள் விடாப்பிடியாகக் கேட்ட டிவிஎஸ் கோல்டு மறுபக்கம். கடைசியில் கேபினட். அதற்கும் கீழே, 'ஆப்ஷனல்' என்ற குறிப்போடு யுபிஎஸ். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை, அடியில் கூட்டல். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். "மானிட்டர் இதே போதும், ஹார்ட் டிஸ்க்கைக் கூட்டிப் போடுங்க, ஸ்பீக்கர் வேண்டாம்" என்று பேரம் பேசலாம். பிரிட்ஜ் கடையில் கம்ப்ரஸருக்கு எவ்வளவு, கதவுக்கு எவ்வளவு என்று யாரும் கேட்க முடியாது. வீட்டுக்கு வந்த பெரிய சாதனங்களில் கணினிக்கு மட்டுமே அந்தக் கேள்வி செல்லுபடியானது.

அது செல்லுபடியானதற்குக் காரணம் அமெரிக்காவில் ஒரு கம்பெனி பட்ட அவசரம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய நேரமில்லாமல் வெளிச்சந்தையில் கிடைத்த உதிரிகளையே கோத்தது. ப்ராசஸர் இன்டெல்லிடமிருந்து வந்தது. இயக்கமுறைமை தந்த மைக்ரோசாஃப்ட், அதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. சுற்றமைப்பு வரைபடங்களைக் கூட ஐபிஎம் கையேடாக அச்சிட்டு விற்றது. பூட்டாக மிஞ்சியது பயாஸ் என்ற சிறு நிரல் மட்டும். அதையும் காம்பாக் 1982இல் காப்பியடிக்காமலே தானாக எழுதிக்கொண்டது. 1984இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொன்றை யாருக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின் தைவானின் தொழிற்கூடங்களுக்குத் தடையே இல்லை. இந்தியாவில் தடையாக இருந்தது இறக்குமதி வரி. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை உதிரிகளுக்கான வரியையும் உரிமக் கெடுபிடியையும் தளர்த்தியது. அதன் முதல் பலனைச் சென்னையிலேயே பார்க்க முடிந்தது: சிவசங்கரனின் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் 'சிவா பிசி'யைச் சுமார் 33,000 ரூபாய்க்கு விற்று, இரு மடங்குக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த போட்டியாளர்களைத் திணற வைத்தது. 1991இன் தாராளமயமும், 1997இல் இந்தியா சேர்ந்த உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தமும் மீதியைச் செய்தன. அந்த ஒப்பந்தப்படி 2005க்குள் கணினி உதிரிகளின் சுங்கவரி படிப்படியாகப் பூஜ்யத்துக்கு இறங்கியது.

உதிரி வந்தால் மட்டும் போதாது, அதைக் கோக்கும் கையும் வேண்டும். அந்தக் கை தமிழ்நாட்டில் ஏற்கெனவே பழகியிருந்தது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு கணினிக்குப் பிறந்த தெருவல்ல; வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், ஆம்ப்ளிஃபையர் போர்டு, டேப்ரெக்கார்டர் ஹெட் என்று மின்னணு உதிரி விற்று வளர்ந்த தெரு. டயனோராவும் சாலிடேரும் வீடுகளில் இருந்த காலத்திலேயே, கம்பெனிப் பெயரில்லாத ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கர் பெட்டியும் செய்து கொடுக்கும் மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருந்தார். சால்டரிங் அயன் பிடித்த அந்தத் தலைமுறையின் அடுத்த வேலையாகத்தான் கணினி வந்தது. 1974இல் பெருந்துறைமுகமாகி, 1999இல் தனிக் கண்டெய்னர் முனையமும் பெற்ற தூத்துக்குடிக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருப்பூர் ஆடையும் சிவகாசித் தீப்பெட்டியும் இந்தத் துறைமுகம் வழியாகக் கொழும்புக்குப் போய்ப் பெரிய கப்பல் ஏறின. தைவான் மதர்போர்டோ 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையில் இறங்கி, ரிச்சி தெருவில் கைமாறி, லாரி பார்சலிலோ, சரக்கெடுக்கப் போன கடைக்காரரோடு முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ தெற்கே வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் குடோன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சந்தை. வீட்டு வாசலில் துறைமுகம் இருப்பது கணக்கில் வரவில்லை.

விலையைப் பிரித்துக் காட்டுவதன் பொருளை இந்தக் கரையை விட நன்றாக அறிந்த இடம் குறைவு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இங்கே இரண்டு விதமான விற்பனை இருந்தது. கடலடிப் பார்களிலிருந்து வந்த சிப்பியைக் கரையில் குவித்து, அரசின் பங்கு, குளித்தவர் பங்கு என்று பிரித்தபின், அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். திறக்காத சிப்பி, உள்ளே என்ன என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. சிப்பி அழுகிக் கழுவி முத்து வெளியே வந்தபின் நடந்த விற்பனை வேறு. சிறு துளையிட்ட பத்து பித்தளைச் சல்லடைகளில் அளவு வாரியாகச் சலித்து, பிறகு உருண்டையும் ஒளியும் பார்த்து, ஆணி முத்திலிருந்து தூள் வரை தரம் பிரித்து, தரத்துக்கொரு விலை சொன்னார்கள். முதல் விற்பனையில் துணிச்சலுக்கு வேலை, இரண்டாவதில் கண்ணுக்கு வேலை. மூடிய டப்பாவாக வந்த கம்பெனிக் கணினியை முதல் வகையோடும் கொட்டேஷன் தாளை இரண்டாம் வகையோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது: சிப்பி ஏலத்தில் இரு தரப்பும் இருட்டில் இருந்தார்கள், கணினி விற்ற கம்பெனிக்கோ டப்பாவுக்குள் என்ன போட்டோம் என்று நன்றாகவே தெரியும். இருட்டு வாங்குகிறவருக்கு மட்டும்தான். 1961இல் இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. சல்லடை வைத்துப் பார்க்கும் பழக்கம் அதோடு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தாளில் பதினைந்து வரி இருந்தால் போதுமா, அதைப் படிக்கத் தெரிய வேண்டாமா? முதல் கணினி வாங்க வந்தவருக்கு சிப்செட் என்றால் என்ன தெரியும்? தேர்வு செய்ததெல்லாம் கடைக்காரர்தானே? பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. ஆனாலும் வாங்குகிறவர் தனியாக வரவில்லை. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன் கூட வந்தான். சிஎஸ்சியில் கோர்ஸ் முடித்த பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியனுப்பினாள். 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழும் தினமலரின் 'கம்ப்யூட்டர் மலர்' இணைப்பும் ரேம் என்றால் என்ன, கேஷ் என்றால் என்ன என்று தமிழிலேயே விளக்கின. வரி வரியாக விலை தெரிந்ததால்தான் அந்த அறிவுக்கு வேலை வந்தது. டப்பாவாக வந்த பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்து ஆவதொன்றும் இல்லை. தப்பும் நிறைய நடந்தது. பெரிய தப்பு, மெகாஹெர்ட்ஸ் என்ற ஒற்றை எண்ணை நம்பியது. 2000 நவம்பரில் வந்த 1.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, பல வேலைகளில் அதற்கு முந்தைய 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ விட மெதுவாக ஓடியது. எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசைப் போட்டவர்கள், ரேமை 128 எம்பியோடு நிறுத்திவிட்டு விண்டோஸ் எக்ஸ்பி ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்டார்கள். ஆனால் அந்தத் தப்பைத் திருத்த முடிந்தது. ஆறு மாதம் கழித்துக் காலியாக இருந்த ஸ்லாட்டில் இன்னொரு ரேமைச் செருகினால் தீர்ந்தது.

கோக்கும் வேலையிலேயே தப்பைக் குறைக்கும் மாற்றங்கள் வந்ததையும் சொல்ல வேண்டும். பழைய ஏடி வகை மதர்போர்டில் மின்சாரம் இரண்டு தனித்தனிக் கனெக்டர்களாக வரும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்படி செருக வேண்டும். மாற்றிச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டால் போர்டு அதோடு சரி. 'கறுப்போடு கறுப்பு' என்பதுதான் புதிதாக வேலைக்கு வந்த பையன் கற்கும் முதல் பாடம். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையில் அது ஒரே கனெக்டராகி, தலைகீழாகச் செருகவே முடியாதபடி ஆனது. பின்னால் கீபோர்டு துளைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று நிறமும் வந்தது. ரிச்சி தெருவில் பழகாத கைகளும் வீட்டு மேசையில் கணினி கோக்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

இத்தனை வரிகளுக்கு நடுவே ஒரு வரி அந்தத் தாளில் இருக்காது: எஸ்எம்பிஎஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லா உதிரிக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. ஆனால் அது கேபினட்டோடு சேர்ந்து, கேபினட் விலையிலேயே வந்தது. விலை கேட்கப்படாத பொருளில்தான் விற்கிறவர் சிக்கனம் பிடிப்பார். ஸ்டிக்கரில் 400 வாட் என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் இரைச்சலை வடிக்கும் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பியைப் பற்றவைத்திருப்பார்கள். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்டிக்கரைப் படிக்காமல் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொன்னார். கனமில்லாத பெட்டியில் செம்பும் இல்லை, ஹீட் சிங்க்கும் இல்லை. இதோடு நம் மின்சாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். 1979 முதல் ஓடும் அனல் மின் நிலையத்தைக் கடற்கரையில் வைத்திருந்தும், 2008க்குப் பிந்தைய ஆண்டுகளின் மின்வெட்டு தூத்துக்குடியையும் விட்டுவைக்கவில்லை. கரண்ட் போகும்போது வராத சேதம் திரும்ப வரும்போது வந்தது. தாளில் 'ஆப்ஷனல்' என்றிருந்த யுபிஎஸ்ஸை அடித்துவிட்டு வாங்கியவர்களின் மிச்சம் ஹார்ட் டிஸ்க்கோடு போனது. உப்பளங்களின் ஊரில் காற்றும் சும்மா இருப்பதில்லை. ரேமின் பொன்முலாம் பூசிய விளிம்பிலும் ஸ்லாட்டிலும் ஈரமும் உப்பும் படிந்து தொடர்பு விட்டுப்போனால், திரை வராமல் 'பீப் பீப்' என்று கத்தும். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரால் அந்த விளிம்பைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வரும். பாதி சர்வீஸ் அழைப்புகள் இந்த ரப்பரோடு முடிந்தன என்றால் தொழிலில் இருப்பவர்கள் மறுக்க மாட்டார்கள்.

கம்பெனிக் கணினி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இருந்திருக்காது என்று சொல்கிறவர்களுக்கு 2000த்தின் தொடக்கத்தில் நடந்ததை நினைவூட்டலாம். தரம் கெட்ட எலக்ட்ரோலைட் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்து உலகெங்கும் மதர்போர்டுகள் செத்தன. மலிவு போர்டுகளோடு டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 போன்ற அலுவலகக் கணினிகளும் அதில் மாட்டின. பெயர் தந்த பாதுகாப்பு, பழுதானால் மாற்றித் தருவார்கள் என்பதுதானே தவிர, பழுதே வராது என்பதல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு வரி சார்ந்தது. அசெம்பிள்டு கணினியின் மலிவே ஏய்ப்பில் வந்த மலிவு என்பார்கள். பில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் ஒரு விலை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான். 2004இல் கணினிக்கு உற்பத்தி வரி நீங்கியதும், 2007 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கு வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்ததும், பிறகு ஜிஎஸ்டி வந்ததும் அந்த இடைவெளியைக் குறுக்கின. பெயரில்லாக் கணினியின் பங்கும் சரிந்தது. ஆகவே இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. இதன் இன்னொரு பாதி இன்னும் சங்கடமானது. கொட்டேஷன் தாளில் இல்லாத இரண்டாவது வரி மென்பொருள். விண்டோஸும் ஆஃபீஸும் ஃபோட்டோஷாப்பும் ஒரு சிடியிலிருந்து 'ஃப்ரீயா' ஏற்றிக் கொடுக்கப்பட்டன. அதற்கு விலை இருக்கிறது என்பதே வாங்குகிறவருக்குத் தெரியாமல் போனது. 2005 ஏப்ரலில் சி-டாக் நிறுவனம் தமிழ் எழுத்துருக்களும் தமிழில் இயங்கும் ஓப்பன் ஆஃபீஸும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டபோது, அதன் போட்டியாளராக நின்றது மைக்ரோசாஃப்ட்டின் விலையல்ல, கடைக்காரரின் திருட்டு சிடி. பூஜ்யத்தோடு பூஜ்யம் மோதினால் பழகிய பூஜ்யம்தான் ஜெயிக்கும். திருட்டு நகல்களுக்கு அப்டேட் ஒழுங்காக வராததால் வைரஸும் அந்த மேசைகளில்தான் குடியிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைப் போலவே இதிலும், விலை எழுதாத வரிதான் பின்னால் செலவு வைத்தது.

ஆனால் மலிவு மட்டுமே காரணம் என்றால் 2005இல் எச்சிஎல் எல்லாவற்றையும் வென்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு அந்நிறுவனம் 9,990 ரூபாய்க்கு ஒரு கணினியை வெளியிட்டது. அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தயாநிதி மாறன் அறிமுகப்படுத்தினார். வியா ப்ராசஸர், 128 எம்பி ரேம், லினக்ஸ். பெரும்பாலான அசெம்பிள்டு கொட்டேஷன்களை விடக் குறைந்த தொகை, அதிலும் பில்லோடு, வாரன்ட்டியோடு. எச்சிஎல்லை 1976இல் தொடங்கியவர்களில் முதன்மையான ஷிவ் நாடார் பிறந்த மூலைப்பொழி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் இந்த ஊருக்கு அதில் தனி அக்கறை இருந்திருக்கலாம். எதிர்பார்த்த அலை எழவில்லை. கூட்டுத்தொகை சிறிதாக இருந்தது; ஆனால் எந்த வரியில் காசைக் கூட்டுவது, எதில் குறைப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள். பிள்ளைக்கு கேமும் அக்கவுன்ட்ஸ் பழகும் பெண்ணுக்கு டேலியும் ஓட வேண்டும் என்று வந்தவர் அந்தக் குறைந்த விலையில் தனக்கு வேண்டியதைப் பார்க்கவில்லை. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியதும், பின் கைபேசி வந்ததும் மேசைக் கணினியின் வீட்டுப் பயன்பாட்டை வெகுவாகக் குறைத்துவிட்டன. இதெல்லாம் பழங்கதைதானே என்று கேட்கலாம். வீடியோ எடிட்டிங், கட்டிட வரைபடம், கேம் என்று வருகிறவர்கள் இன்றும் முதல் கணினியைக் கோத்துத்தான் வாங்குகிறார்கள். ரேமே பலகையில் பற்றவைக்கப்பட்டு வரும் மடிக்கணினிகள் பெருகப் பெருக, வரி வரியாகப் பிரிந்து கிடக்கும் மேசைக் கணினியின் அருமை கூடியிருக்கிறது. 2016இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில் வாங்கிய பல மதர்போர்டுகள், பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு, பல வருடம் கழித்து வந்த ப்ராசஸரையும் ஏற்றுக்கொண்டன. கிராஃபிக்ஸ் உள்ளேயே கொண்ட ப்ராசஸரை முதலில் வாங்கிவிட்டு, தனி கார்டைக் காசு சேர்ந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்பது 2021இல் கார்டு விலை தாறுமாறாக ஏறியபோது பலரைக் காப்பாற்றியது. இன்றைய சின்ன பட்ஜெட்காரருக்குச் சொல்ல வேண்டியது குறைவுதான். ரேமை ஒரே குச்சியாக வாங்கி ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டால் தொடக்கத்தில் கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை. பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரன்ட்டிக்குப் போய் நிற்கும்போது கேட்பது பில்லும் சீரியல் எண்ணும்தான். விண்டோஸ் வேண்டுமென்றால் அதன் விலையையும் பட்ஜெட்டில் சேருங்கள், இல்லையென்றால் லினக்ஸ் போடச் சொல்லுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸை முதலில் வெட்டும் வரியாக வைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி, அதன் கம்பெனி, வாட், எத்தனை வருட வாரன்ட்டி, இவற்றை எழுதித் தராத கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.